மேகத்துக்குப் பெயர் சொல்லி எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழைக் காலம் வந்துவிட்டால், தங்கள் நாளிதழின் முதல் பக்கத்திலோ மாவட்டப் பக்கத்திலோ வானத்தின் புகைப்படம் ஒன்று அடிக்கடி இடம்பெறுகிறது. கடற்கரை, வயல்வெளி, கோயில் கோபுரம் என எதற்கு மேலே எடுத்த படமாக இருந்தாலும், அதன் கீழே "மிரட்டும் கருமேகங்கள்" என்றோ "திரண்டு வந்த மழை மேகங்கள்" என்றோ ஒரே மாதிரியான வரிதான் அச்சாகிறது. வானிலை நோக்கராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால் அந்தப் படங்களை நான் ஊன்றிப் பார்ப்பது வழக்கம். அவற்றில் சில, இடி மின்னலோடு கொட்டித் தீர்க்கும் மேகங்கள். வேறு சில, மாலை வெயில் பின்னால் இருப்பதால் கறுத்துத் தெரியும், தூறலுக்கு மேல் எதுவும் தர இயலாத மேகங்கள். இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கும்போது, மழை பெய்யாத நாளில் வாசகர் வானிலை அறிவிப்பின் மீதே நம்பிக்கை இழக்கிறார். அதைவிடப் பெரிய தீங்கு, உண்மையிலேயே ஆபத்தான மேகம் தலைக்கு மேல் வரும்போது அதை இனங்காண அவருக்குத் தெரியாமற் போவது. மேகங்களை உயரத்தாலும் வடிவத்தாலும் பிரித்தறிந்து, அவற்றுக்குரிய பெயரோடு எழுதும் வழக்கத்தைத் தங்கள் நாளிதழ் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

முதலில் நிறத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் குழப்பத்துக்குப் பெரும் காரணம் அதுதான். மேகம் கறுப்பாகத் தெரிவது இரண்டு காரணங்களால் நிகழ்கிறது. ஒன்று அதன் கனம். கனத்த மேகத்தின் ஊடே வெளிச்சம் குறைவாகவே கீழே இறங்கும். மற்றொன்று, சூரியன் அதற்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது. மாலை ஐந்து மணிக்கு ஒரு மேகத்துக்குக் கிழக்கே நின்று மேற்கு நோக்கிப் பார்ப்பவருக்கு அது கன்னங்கரேலென்று தெரியும். அதே நேரத்தில் அதே மேகத்துக்கு மேற்கே நின்று கிழக்கு நோக்கிப் பார்ப்பவருக்கு அது வெள்ளை வெளேரென்று ஒளிரும். ஆகவே கறுப்பை மட்டும் வைத்து மழையைச் சொல்ல முடியாது. மேகத்தின் வகையையும் சொல்ல முடியாது. வகையைச் சொல்வதற்கு வடிவமும் உயரமும் வேண்டும்.

இந்தப் பிரிவினைக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. மருந்துப் பொருள்கள் தயாரிக்கும் தொழில் செய்த லண்டன்வாசி லூக் ஹோவர்ட், 1802 டிசம்பரில் ஒரு சிறு அறிவியல் கழகத்தின் முன் படித்த கட்டுரையில், மேகங்கள் எண்ணற்ற உருவம் எடுப்பதுபோல் தோன்றினாலும் கீற்று (இழை), திரள் (குவியல்), படை (விரிப்பு) என்னும் மூன்று அடிப்படை வடிவங்களிலும் அவற்றின் கலப்புகளிலும் அடங்கிவிடும் என்று காட்டினார். அதற்கு முன்பே, 1796-இல், சென்னையில் வானிலைக் குறிப்புகள் எழுதத் தொடங்கிவிட்டார்கள் என்பதை இங்கே நினைவுகூர விரும்புகிறேன். மேகங்களுக்கு முறையான பெயர் ஏற்படும் முன்பே நம் மண்ணில் வானத்தைப் பார்த்து எழுதும் வேலை நடந்திருக்கிறது. 1896-இல் வெளிவந்த பன்னாட்டு மேகப் படத்தொகுப்பு ஹோவர்டின் முறையை உலகம் முழுவதற்கும் பொதுவாக்கியது. உலக வானிலை அமைப்பு 2017-இல் அதைத் திருத்தி இணையத்தில் வெளியிட்டபோதும், அடிப்படை வகைகள் பத்து என்பது மாறவில்லை. நம் பள்ளிப் பாடநூல்களிலும் இந்தப் பத்து வகைகளும் நல்ல தமிழ்ப் பெயர்களோடு இருக்கின்றன. மாணவர்கள் அவற்றை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுகிறார்கள். வகுப்பறைக்கு வெளியே வந்து அண்ணாந்து பார்த்து "இது இடைப்பட்ட திரள்" என்று சொல்லும் பயிற்சிதான் பெரும்பாலும் இல்லை.

உயரத்தைக் கொண்டு மேகங்களை மூன்று மட்டங்களாக வைக்கிறார்கள். நம்மைப் போன்ற வெப்பமண்டலப் பகுதியில், அடிப்பகுதி தரையிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் இருந்தால் தாழ் மேகம். 2 முதல் 8 கிலோமீட்டர் வரை இடைமட்ட மேகம். 6 முதல் 18 கிலோமீட்டர் வரை உயர் மேகம். துருவப் பகுதிகளில் உயர் மேகம் 3 கிலோமீட்டரிலேயே தொடங்கிவிடும் என்பதால், அயல்நாட்டு நூலில் கண்ட அளவை அப்படியே நம் வானத்துக்குப் பொருத்தக் கூடாது. இடைமட்டமும் உயர்மட்டமும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன என்பதைப் பார்த்தாலே, உயரம் மட்டும் போதாது, வடிவமும் சேர்ந்தால்தான் வகை துலங்கும் என்பது விளங்கும். தவிரவும், வெறும் கண்ணுக்கு உயரம் தெரியாது. வானில் ஒப்பிட்டுப் பார்க்க மரமோ கட்டடமோ இல்லை. நிலையங்களில் அக்காலத்தில் பலூன் விட்டு, அது மேகத்துக்குள் மறையும் வரை ஆன நேரத்தைக் கொண்டு உயரத்தைக் கணக்கிட்டார்கள். இரவில் விளக்கின் கற்றையை மேலே செலுத்தி, அது மேகத்தில் படும் இடத்தின் கோணத்தை அளந்தார்கள். இன்று லேசர் துடிப்பை அனுப்பி அளக்கும் கருவிகள் வந்துவிட்டன. கருவி இல்லாதவருக்கு வழி, வடிவத்திலிருந்து உயரத்தை ஊகிப்பதுதான்.

அதற்கான முதல் அடையாளம் விளிம்பு. உயரத்தில், கடுங்குளிரில் பனிப் படிகங்களால் ஆன மேகத்துக்குத் திட்டவட்டமான விளிம்பு இராது. இழை இழையாகக் கலைந்து வானத்தோடு கரையும். கீற்று மேகங்கள் இந்த வகை. தாழ்வான திரள் மேகம் நீர்த்துளிகளால் ஆனது. அதன் விளிம்பு வெட்டி வைத்ததுபோல் தெளிவாக இருக்கும். இரண்டாவது அடையாளம் நகர்வு. தாழ் மேகம் விரைந்து ஓடுவதாகவும், மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் செல்லும் கீற்று மேகம் அசையாமல் நிற்பதாகவும் கண்ணுக்குப் படும். ஆனி, ஆடி மாதங்களில் இதைத் தமிழ்நாட்டில் மிக அழகாகக் காணலாம். கீழே தென்மேற்குப் பருவக்காற்று தாழ் மேகங்களை மேற்கிலிருந்து கிழக்காக விரட்டிக்கொண்டு போகும். அவற்றின் இடைவெளியில் கவனித்துப் பார்த்தால், கீற்று மேகங்கள் கிழக்கிலிருந்து மேற்காக நகர்ந்துகொண்டிருக்கும். தென்னிந்தியாவுக்கு மேலே ஏறத்தாழ 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில் கோடைப் பருவமழைக் காலத்தில் வீசும் கிழக்கத்திய அதிவேகக் காற்றோட்டமே அதற்குக் காரணம். இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் 1958-இல் இக்காற்றோட்டத்தை விளக்கி எழுதிய ஆய்வு உலகப் புகழ் பெற்றது. எந்தக் கருவியும் இல்லாமல், மொட்டைமாடியில் நின்றபடியே ஒரு பள்ளி மாணவன் அதன் விளைவைக் காண முடியும் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

மூன்றாவது அடையாளம் விரல். சிறு சிறு துண்டுகளாக அடுக்கி வைத்ததுபோல் பரவும் மேகங்கள் மூன்று மட்டங்களிலும் உண்டு. பழகாதவர்கள் மிகுதியும் தடுமாறுவது இவற்றில்தான். தொடுவானத்திலிருந்து 30 பாகைக்கு மேலே இருக்கும் துண்டு ஒன்றைத் தேர்ந்துகொண்டு, கையை முழுவதும் நீட்டி அளந்து பார்க்க வேண்டும். துண்டு சுண்டுவிரலின் அகலத்துக்குள் மறைந்துவிட்டால், அதாவது 1 பாகைக்கும் குறைவாக இருந்தால், அது திரள் கீற்று மேகம். அதில் நிழல் சாயலே இராது. சுண்டுவிரலைவிடப் பெரியதாகவும் மூன்று விரல்களின் அகலத்துக்குள் அடங்குவதாகவும் இருந்தால் இடைப்பட்ட திரள் மேகம். அதன் ஒரு பக்கம் சற்றே சாம்பல் படிந்திருக்கும். மூன்று விரல்களையும், அதாவது 5 பாகையையும் தாண்டிவிட்டால் படைத்திரள் மேகம். நாளிதழ்ப் படங்களில் "மிரட்டும் கருமேகம்" என்று பெயர் பெறுபவற்றில் பலவும் இந்தப் படைத்திரள் மேகங்கள்தாம். அவை வானத்தை மூடும், நிழல் தரும், சில நேரம் தூறும், ஆனால் இடிப்பதில்லை. தொடுவானத்துக்கு அருகே பார்வைக் கோணத்தால் துண்டுகள் நெருங்கிச் சுருங்கித் தெரியும் என்பதால்தான் 30 பாகை என்ற எல்லை வைக்கப்பட்டிருக்கிறது. அதை மறந்தால் அளவு பொய்த்துவிடும்.

துண்டுகளாக இல்லாமல் வானம் முழுவதும் ஒரே விரிப்பாக மூடியிருந்தால் சூரியனையும் நிலவையும் கொண்டு சோதிக்க வேண்டும். சூரியனை நேராகப் பார்க்காமல், தரையில் நம் நிழல் விழுகிறதா என்று பார்ப்பதே பாதுகாப்பானது. மெல்லிய விரிப்பின் ஊடே நிழல் தெளிவாக விழுந்து, சூரியனையோ நிலவையோ சுற்றிப் பெரிய வட்டம் தெரிந்தால் அது படைக் கீற்று மேகம். அறுகோணப் பனிப் படிகங்களுக்குள் ஒளி விலகுவதால் உண்டாகும் அந்த வட்டத்தின் ஆரம் 22 பாகை. நீட்டிய கையில் விரித்த ஒரு சாண் அளவுக்குக் கிட்டத்தட்டச் சமம். சூரியன் இருக்கும் இடம் மங்கலாகத் தெரிந்து, அதன் விளிம்பு தெரியாமல், நிழலும் விழாமல் இருந்தால் அது இடைப்பட்ட படை மேகம். நிலவைத் தொட்டாற்போல் சிறிய வண்ண வளையம் மட்டும் தெரிந்தால், அது நீர்த்துளிகளாலான மெல்லிய மேகத்தின் வேலை. "அகல வட்டம் பகல் மழை" என்று நம் முன்னோர் சொன்னது இந்த வேறுபாட்டைக் கூர்ந்து கண்டதால்தான் என்றே கருதுகிறேன். அகன்ற வட்டம் என்றால் மேலே பனிப் படிக மேகம் பரவத் தொடங்கியிருக்கிறது, வங்கக் கடலில் ஏதேனும் ஒரு மழைச் சுழற்சி இருந்தால் அதன் முன்னோடியாக அது இருக்கக்கூடும். வட்டம் கட்டிய நாளெல்லாம் மழை பெய்துவிடாது. ஆனாலும் ஐப்பசி, கார்த்திகையில் கடற்கரை ஊர்களில் அதைப் புறக்கணிக்க வேண்டாம் என்பேன். கடலில் புயல் நெருங்கும்போது முதலில் ஒரு திசையிலிருந்து விரிந்து வரும் கீற்றுகளும், அடுத்துப் படைக் கீற்றும், பிறகு கனத்துத் தாழும் படை மேகங்களும், கடைசியில் சூறையோடு வரும் கார்திரள் என்னும் இடிமேகங்களும் என்ற வரிசையைக் காண்பது வழக்கம்.

மப்பும் மந்தாரமுமாக, சூரியன் இருக்கும் திசைகூடத் தெரியாமல், மணிக்கணக்கில் ஒரே சீராக மழை பெய்துகொண்டிருக்கும் நாளின் மேகம் கார்படை. சில நூல்கள் அதைத் தாழ் மேகங்களோடு சேர்க்கின்றன. உலக வானிலை அமைப்பின் படத்தொகுப்போ அதை இடைமட்டத்தில் வைத்து, மேலும் கீழும் பரவக்கூடியது என்கிறது. டெல்டாவில் சம்பா பயிர் நீரில் நிற்கும் நாள்களில் நாம் அண்ணாந்து பார்ப்பது பெரும்பாலும் இதைத்தான். இடியோ மின்னலோ இராது என்பதால் பலரும் இதைப் பெரிதாக மதிப்பதில்லை. வயலில் தண்ணீர் தேங்குவதற்கு இந்த ஓயாத மழையும் போதும். படை மேகம் என்பது வேறு: மிகத் தாழ்வானது, சீரான சாம்பல் நிறம் கொண்டது, தூவானத்துக்கு மேல் தராதது. கொடைக்கானலில் ஏரியைச் சுற்றி நடப்பவர் மூடுபனி என்று சொல்வது, வத்தலக்குண்டிலிருந்து பார்ப்பவருக்கு மலையைப் போர்த்திய மேகமாகத் தெரியும். மேகத்தின் உயரம் நோக்குபவர் நிற்கும் தரையிலிருந்தே கணக்கிடப்படுகிறது.

திரள் மேகங்களைப் பற்றி ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். வெயிலில் சூடேறி எழும் காற்று ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் குளிர்கிறது. அதன் பனிநிலையோ, அதாவது அதிலுள்ள ஆவி துளியாகத் தொடங்கும் வெப்பநிலையோ, ஏறத்தாழ 2 பாகைதான் குறைகிறது. இரண்டும் சந்திக்கும் உயரத்தில் ஆவி துளியாகி மேகத்தின் அடிப்பகுதி உருவாகிறது. எனவே தரையில் வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் உள்ள வேறுபாட்டை 125-ஆல் பெருக்கினால் மேக அடியின் உயரம் மீட்டரில் கிடைத்துவிடும். கடலோரத்தில் 32 பாகை வெப்பமும் 26 பாகை பனிநிலையும் உள்ள நாளில் அது 750 மீட்டர். உள்மாவட்டத்தில் சித்திரை மாதம் 39 பாகை வெப்பமும் 19 பாகை பனிநிலையும் இருந்தால் 2,500 மீட்டர். தாழ் மேகத்துக்குரிய 2 கிலோமீட்டர் எல்லையை அது தாண்டிவிட்டது என்றாலும் அது திரள் மேகமே. உயரமும் வடிவமும் முரண்படும் இடத்தில் வடிவத்துக்கே முதலிடம். அனைத்துத் திரள்களின் அடிப்பகுதியும் ஒரே மட்டத்தில், தட்டையாக இருப்பதற்கும் இந்தக் கணக்கே காரணம்.

அந்தத் திரள் எவ்வளவு வளர்கிறது என்பதுதான் உயிரோடு தொடர்புடைய செய்தி. அகலம் மிகுந்து உயரம் குறைந்த திரள், நல்ல வானிலையின் அடையாளம். உயரமும் அகலமும் சமமானால் கவனிக்கத் தொடங்க வேண்டும். அகலத்தைவிட உயரம் மிகுந்து, தலைப்பகுதி முட்டி முட்டிப் புடைத்து எழுமானால் அது கோபுரத் திரள். நம் பகுதியில் அதிலிருந்தே நல்ல மழை பெய்யக்கூடும். அதற்குப் பிறகு வரும் மாற்றத்தைத்தான் ஒவ்வொரு விவசாயியும், ஆடு மேய்ப்பவரும், மீனவரும், விளையாட்டுத் திடலில் நிற்கும் ஆசிரியரும் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். தெளிவாக, கூர்மையாக இருந்த தலையின் விளிம்பு மெல்ல மங்கி, இழை இழையாகப் பிரியத் தொடங்கும். மேல்பகுதி பனிப் படிகமாக மாறிவிட்டது என்பது அதன் பொருள். அந்த நிமிடத்திலிருந்து அது திரள் மேகம் அல்ல, கார்திரள் மேகம். இன்னும் வளர்ந்து, வெப்பமண்டலத்தில் 16, 17 கிலோமீட்டர் உயரத்தில், வளிமண்டலத்தின் கீழடுக்கு முடியும் எல்லையில் மோதி மேலே செல்ல இயலாமல் பக்கவாட்டில் விரியும்போது, அதன் தலை கொல்லன் பட்டடை போலத் தட்டையாகிவிடும். இடியும் மின்னலும் ஆலங்கட்டியும் இந்த ஒரு வகை மேகத்துக்கு உரியவை.

கார்திரள் நேர் மேலே வந்துவிட்டால் அதன் உருவம் நமக்குத் தெரியாது. கறுத்த அடிப்பகுதி மட்டுமே தெரியும், படைத்திரளிலிருந்து அதைப் பிரித்தறிவது பழகிய கண்ணுக்கும் கடினம். ஆகவே தொலைவில் இருக்கும்போதே, முழு உருவமும் தெரியும்போதே இனங்காண வேண்டும். கோடையில் பிற்பகல் இரண்டு மணிக்கு மேற்கே ஒரு முறை பார்த்துவிட்டு அரைமணி நேரம் கழித்து மீண்டும் பார்த்தாலே வளர்ச்சி தெரிந்துவிடும். நோக்கர்கள் குறிப்பு எழுதும் நேரத்தில் மட்டுமல்லாமல் இடைப்பட்ட நேரத்திலும் வானத்தைக் கவனித்து வருவது இதற்காகத்தான். மின்னலைக் கண்ட பின் இடி கேட்கும் வரை எண்ணி, அந்த விநாடிகளை மூன்றால் வகுத்தால் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். 30 விநாடிக்குள் இடி கேட்டால் மேகம் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, வயலையும் மரத்தடியையும் விட்டு உறுதியான கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் ஆகும் வரை வெளியே வரவும் கூடாது. மின்னல் தாக்கி உயிரிழந்தவர்களைப் பற்றிய செய்திகள் ஒவ்வோர் ஆண்டும் தங்கள் பக்கங்களில் வருகின்றன. அவர்களுள் பலர் வயலில் வேலையாக இருந்தவர்கள். அந்தச் செய்தியின் ஓரத்தில், கார்திரள் மேகம் தொலைவில் எப்படித் தெரியும் என்பதைக் காட்டும் ஒரு படமும் நான்கு வரிகளும் சேர்த்து வெளியிடுவது நாளிதழால் இயலாத செயல் அல்ல.

என் கோரிக்கைகள் மூன்று. வானத்தின் படத்தை வெளியிடும்போது மேகத்தின் வகையைக் குறிப்பிடுங்கள். ஐயம் இருந்தால் வானிலை மையத்தின் அலுவலரிடமோ புவியியல் ஆசிரியரிடமோ கேட்டு எழுதலாம். வானிலைப் பகுதியில் "மேகமூட்டத்துடன் காணப்படும்" என்று வெளியிடுவதோடு, முந்தைய நாள் எந்த மட்டத்து மேகம் வானத்தில் எட்டில் எத்தனை பங்கு மூடியிருந்தது என்பதையும் சேருங்கள். வானத்தை எட்டுப் பங்காகக் கணக்கிடுவதுதான் உலகெங்கும் உள்ள நோக்கர்களின் முறை, ஐந்தாம் வகுப்பு மாணவருக்கும் அது புரியும். மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு மேகம் என்று பத்து வாரங்களுக்கு வெளியிட்டால், ஐப்பசி தொடங்கி மார்கழி முடிவதற்குள் பத்து வகைகளும் வந்துவிடும். அந்தப் படங்கள் அயல்நாட்டிலிருந்து எடுக்கப்பட்டவையாக இல்லாமல், தங்கள் புகைப்படக் கலைஞர்கள் நம் ஊர்களில் எடுத்தவையாக இருக்கட்டும். ஒவ்வொரு படத்தின் கீழும் ஊர், நாள், நேரம், எந்தத் திசையை நோக்கி எடுக்கப்பட்டது என்ற நான்கு விவரங்களும் இருந்தால், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது என்பதைக் கணித்து, அந்தக் கறுப்பு கனத்தால் வந்ததா நிழலால் வந்ததா என்பதை வாசகரே முடிவு செய்துகொள்வார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற வானிலை நோக்கர்,
நாகப்பட்டினம்.